ஏறாமலே இறங்கிய பத்தொன்பது பேர்

கணிப்பொறி தவறு செய்யவில்லை. தவறு செய்தது நான்.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு நான்கு வருடங்கள் ஆயின. மலாக்காவில் ஒரு பேருந்து நிறுவனத்தில் எல்லோரும் இன்றுவரை ஓர் இயந்திரத்தைத்தான் குறை சொல்கிறார்கள். பாவம், அதற்கு வாய் இல்லை. எனக்கு இருந்தது... நான் திறக்கவில்லை.

பத்தொன்பது பேரை நான் அழித்தேன். தாளில் பென்சிலால் எழுதியிருந்த பத்தொன்பது பேரை, ஒரு ரப்பர்த் துண்டால், மழை பெய்த ஒரு பிற்பகலில்.

பயந்துவிடாதீர்கள். யாரும் சாகவில்லை. அதனால்தானோ என்னவோ, இதுவரை யாரும் என்னைக் கேட்கவும் இல்லை!

ஒரே கனவு எனக்கு அடிக்கடி வருகிறது. விடிவதற்குச் சற்று முந்திய நீல வெளிச்சம். ரப்பர்ப் பால்மரங்களுக்கு நடுவே பனி முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அதில் ஒரு பேருந்து சத்தமில்லாமல் மிதந்து வருகிறது, அலையில்லாத கடலில் படகு வருவதுபோல். நகரத்து நிறுத்தத்தில் நிற்கிறது. உள்ளே எட்டிப் பார்க்கிறேன். இருக்கைகள் எல்லாம் காலி. ஆனாலும் படியில் இறங்குகிறார்கள்... ஒருவர், இருவர், மூவர்... நான் எண்ணுகிறேன். எண்ணுவதுதானே என் தொழில்! பத்தொன்பதாவது ஆள் தரையில் கால் வைக்கும்போது விழித்துக்கொள்வேன். அந்த ஆளின் முகத்தை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் மலாக்காவின் காஜா பெராங்கில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு எதிர்ப்புறம், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்துச் செட்டிமார் வீடுகள். காலையில் அங்கிருந்து சாமிக்கு மணியடிக்கும் ஓசையும், அவர்கள் பேசும் மலாயும் சேர்ந்தே வரும். அந்த மலாய்க்குள் நம் சொல் ஒன்று திடீரென்று தலைகாட்டிவிட்டு மறையும். நாங்களும் அப்படித்தான். எங்கள் தமிழுக்குள் மலாய்ச் சொற்கள் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்றுதான் இந்தக் கதையின் முடிச்சு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மெர்டேக்கா, நாட்டு விடுதலை, வந்தபோது நான் பள்ளி மாணவி. புதிய நாட்டுக்கு எண்ணத் தெரிந்தவர்கள் தேவை என்று எங்கள் தலைமையாசிரியை சொன்னார். நான் அதை எனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூரில் கணிதம் படித்தேன். பிறகு ஒரு வருடம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற புதிய துறை. தமிழில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னவென்று சொல்ல முடியும். இருக்கிற பேருந்துகளை வைத்துக்கொண்டு, எந்த வண்டி எங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டால், குறைந்த வண்டிகளில் எல்லோரும் போய்ச் சேரலாம்... அதைக் கண்டுபிடிக்கும் கணக்கு அது.

எல்லோரும். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். கோலாலம்பூரில் ஒரு பெரிய அலுவலகத்தில் இருந்த கணிப்பொறி, துளையிட்ட அட்டைகளை விழுங்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் போட்டுவிடும். பத்திரிகைகள் அதை மின்மூளை என்று எழுதின. எங்கள் பேருந்து நிறுவன முதலாளி அந்தக் கட்டுரைகளில் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் என்னை வேலைக்கு வைத்தார். அவர் சீனர். எல்லோருக்கும் தவுக்கே. இளமையில் அவரே வண்டி ஓட்டியவர். மலாக்காவின் ஒவ்வொரு வளைவும் அவர் தோளுக்குத் தெரியும்.

கணக்குக்கு முதலில் தலைகள் வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று நடத்துநர்கள் ஐந்து நாள் எழுத வேண்டும். அதற்கு ஒரு தாள் தயாரித்தேன். தாளின் தலைப்பில் ஐந்து விதிகளைத் தட்டச்சு செய்தேன். பட்டியல் போடாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்! மூன்றாவது விதி இது: ஏறும்போதே எழுதவும், பின்னால் நினைவிலிருந்து எழுதக் கூடாது.

அந்த விதியை எழுதியபோது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நினைவு பொய் சொல்லும், காகிதம் சொல்லாது என்று நம்பிய வயது.

புக்கிட் காதிலுக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களைத் தாண்டி ஒரு தடம் இருந்தது. அங்கிருந்து காலை ஐந்தரைக்கு முதல் வண்டி. அதில் நடத்துநர் மாரியப்பன் அண்ணன். மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. ஐந்து நாள் தாள்களையும் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். புரட்டினேன். எல்லாத் தாளிலும் முதல் ஐந்து நிறுத்தங்களுக்கு எதிரே ஒன்றுமே எழுதவில்லை.

“அண்ணே, இதெல்லாம் என்ன?”

“கோசோங் மிஸ்.”

“கோசோங்கா?”

“ஆமா மிஸ். அஞ்சும் கோசோங்தான். நீங்க எழுதிருக்கிற ரூல்படி அப்படியே விட்டுட்டேன்.” பிறகு சிரித்தார். “ஆமா, உங்க மின்மூளைக்கு தே ஓ ஊத்தணும்னா சீனி போடணுமா, அதுக்கும் கோசோங்தானா?”

நானும் சிரித்தேன். ஒவ்வொரு தாளிலும் ஐந்து நிறுத்தங்களுக்கு நேரே ஐந்து பூச்சியங்கள் எழுதினேன்.

கோசோங். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் இந்தச் சொல் தெரியும். தொலைபேசி எண் சொல்லும்போது பூச்சியம் என்றால் கோசோங். பால் சேர்க்காத தே ஓ தேநீரில் சீனியும் இல்லையென்றால் கோசோங். ஆளில்லாத வீடு கோசோங். எழுதாத தாளும் கோசோங். என் காதில் விழுந்தது பூச்சியம். அவர் சொன்னது வெற்றிடம். இரண்டுக்கும் ஒரே சொல்!

இத்தோடு முடிந்திருந்தால் இதைப் பிழை என்று சொல்லிவிடலாம். மொழி செய்த பிழை. நீங்களும் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் இத்தோடு முடியவில்லை.

அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. பணிமனையின் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. உலகமே தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல் ஓர் உணர்வு. மேசை விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் நானும் என் எண்களும் மட்டும் மிதந்துகொண்டிருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்வில் அதைப்போல் இனிய மணிநேரங்கள் குறைவு.

கூட்டிப் பார்த்தேன். ஏறியவர்கள், இறங்கியவர்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் கணிப்பொறி அட்டைகளை ஏற்காது, துப்பிவிடும்.

எல்லாத் தடங்களும் சமமாக வந்தன. முதல் வண்டி மட்டும் வரவில்லை. நகரத்தில் இறங்கிய பத்தொன்பது பேரும் கூடுதலாக இருந்தார்கள்.

திங்கள் பத்தொன்பது. செவ்வாய் பத்தொன்பது. புதன் பதினெட்டு... யாருக்கோ காய்ச்சல் போலும். வியாழன், வெள்ளி, மறுபடியும் பத்தொன்பது.

எங்கும் ஏறாமல் எப்படி இறங்குவார்கள்? வானத்திலிருந்தா குதித்தார்கள்?

எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். தெரியும்! கோசோங் என்று அவர் சொன்னது பூச்சியத்தை அல்ல என்று தெரியும். ஏதோ காரணத்தால் அவர் எழுதாமல் விட்ட ஐந்து நிறுத்தங்களில் இந்தப் பத்தொன்பது பேர் நிற்கிறார்கள் என்று தெரியும். என் கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம்தான் நான் இன்றுவரை வாழ்ந்துகொண்டிருக்கும் வீடு.

கணக்கைச் சமன் செய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஏறியவர்கள் பக்கம் பத்தொன்பதை எழுதலாம். இறங்கியவர்கள் பக்கம் பத்தொன்பதை அழிக்கலாம். பார்த்தால் இரண்டும் ஒரே அளவு வேலைதான். ஆனால் எழுத வேண்டுமென்றால் யார் எங்கே ஏறினார்கள் என்று விசாரிக்க வேண்டும். அழிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

மறுநாள் காலை கணிப்பொறியில் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பெண்பிள்ளையால் சொன்ன தேதிக்கு முடிக்க முடியவில்லை என்று பேச்சு வரும். இதெல்லாம் காரணங்கள்தான். ஆனால் மாரியப்பன் அண்ணன் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? என் சன்னலுக்கு வெளியே, எதிர்க் கொட்டகையில், தேநீர் குடித்துக்கொண்டு. நாற்பது அடி தூரம்.

மழை. நான் நனைய விரும்பவில்லை.

அவ்வளவுதான்... அவ்வளவேதான்!

ரப்பரை எடுத்தேன். தோட்டத்து ஆட்களை ரப்பரால் அழித்தேன் என்று பின்னாளில் ஒருநாள் எனக்குத் தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத் துகள்களை வாயால் ஊதிவிட்டு, கூட்டல் சமமாக வந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். அன்றைய என் பட்டியலில் நான்கு வேலைகள் இருந்தன. நான்கையும் கோடிட்டு அடித்தேன். அழித்தது அந்தப் பட்டியலில் இல்லை.

கணிப்பொறி சொன்ன விடை அழகாக இருந்தது. முதல் வண்டி தோட்டத்துப் பக்கம் போகத் தேவையில்லை. புக்கிட் காதிலிலிருந்தே ஆறரைக்குப் புறப்படலாம். நிறுவனத்துக்கு ஒரு பேருந்து மிச்சம். அந்த நீளக் காகிதத்தைத் தவுக்கேயின் மேசையில் விரித்தேன். அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினார். மலாயில் கேட்டார்.

“இந்த வண்டியில ஆளுங்க இருப்பாங்களே. நானே ஏத்தியிருக்கேன். நிச்சயமாத் தெரியுமா?”

“மெஷினோட கணக்கு இது, தவுக்கே.”

அவர் என்னைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். “நீ படிச்ச பிள்ளை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இளமையிலிருந்து அவர் கண்ணால் கண்டதை என் ஒரு வாக்கியம் தோற்கடித்தது. அது பொய்யான வாக்கியம்கூட இல்லை. மெஷினின் கணக்குத்தான். மெஷினுக்கு ஊட்டியவள் நான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் பணிமனைக்கு வந்தாள். பதினைந்து வயதிருக்கும். பள்ளிச் சீருடை. காலில் சேறு அப்பிய செருப்பு; வெள்ளைக் காலணிகளை ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். பெயர் கஸ்தூரி. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நகரத்துப் பள்ளிக்கு வந்து மூன்றாம் படிவம் படிக்கிறவள். அந்த வருடம் அவளுக்கு அரசாங்கப் பரீட்சை.

“மிஸ், அஞ்சரை பஸ் ஏன் வரல?”

அவளோடு அந்த வண்டியில் வந்தவர்கள் பாதிப்பேர் மாணவர்கள், மற்றவர்கள் ஆஸ்பத்திரியிலும் துணி வெளுக்கும் இடத்திலும் வேலைபார்க்கும் பெண்கள் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது நாலரைக்கே எழுந்து பால்மரக் காட்டு வழியே புக்கிட் காதில்வரை நடக்கிறார்களாம். அப்படியும் பள்ளிக்கு மணியடித்த பிறகுதான் போய்ச்சேர முடிகிறதாம். அப்பா வேண்டாம் என்கிறாராம், இருட்டில் பெண்பிள்ளை நடக்கக் கூடாதென்று.

நான் அவளுக்குக் காகிதத்தைக் காட்டினேன். ஏன் காட்டினேன்? அவள் வாயை அடைக்கத்தான். வேறென்ன!

அவள் குனிந்து படித்தாள். வேகமாகப் படித்தாள். எண்களோடு பழகிய கண்.

“இங்க பூச்சியம் போட்டிருக்கே மிஸ். நாங்க பத்தொன்பது பேரு. நான் தெனமும் எண்ணுவேன். வண்டியில லைட்டு கெட்டுப்போயி ரொம்ப நாளாச்சு. எல்லாரும் தூங்கிருவாங்க. இருட்டுல எழுத முடியலன்னு கண்டக்டர் அண்ணன் பொலம்புவாரு. நான் மட்டும் முழிச்சு எண்ணிக்கிட்டே வருவேன், சும்மா... பொழுது போகணும்ல.”

இதோ, வெற்றிடத்தின் காரணம். விளக்கு எரியாத வண்டி. ஏறும்போதே எழுது, நினைவிலிருந்து எழுதாதே என்று நான் விதித்த விதி. இருட்டில் எழுத முடியாது. வெளிச்சம் வந்த பிறகு எழுதக் கூடாது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரு நேர்மையான மனிதர்.

“மெஷின்ல அப்படித்தான் வந்திருக்கு” என்றேன்.

கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“மெஷின் எங்க நின்னு எண்ணுச்சு மிஸ்?”

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதத்தான் இத்தனை பக்கம் கடந்து வந்திருக்கிறேன். தோளில் தட்டி, புன்னகையோடு சொன்னேன்:

“நல்லாப் படி. படிச்சா உனக்கும் புரியும்.”

அவள் தலையாட்டினாள். நம்பினாள்! சேற்றுச் செருப்போடு, காலணிப் பையோடு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே தவுக்கேயிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இருபது படிகள் ஏறினால் அவர் அறை. அப்போது மழைகூட இல்லை. ஏன் போகவில்லை? பத்திரிகைக்காரர் வந்து என்னைக் காகிதச் சுருளோடு படம் பிடித்துப் போயிருந்தார். அம்மா அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருந்தார். பயமா, பெருமையா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டையும் ஒரே கட்டத்தில்தான் எழுத முடிகிறது.

இரண்டு மாதம் கழித்து மாரியப்பன் அண்ணன் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். சிரிப்பு இல்லை.

“கஸ்தூரி படிப்ப நிறுத்திட்டா மிஸ். இப்ப விடியக்காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நிக்கிறா, அவங்கம்மாகூட பால் வெட்டப் போறதுக்கு. கணக்குல கெட்டி மிஸ் அந்தப் புள்ள.” கையைப் பிசைந்தார். “எல்லாம் என்னாலதான். அந்த அஞ்சு கட்டத்த எழுதாம விட்டேன் பாருங்க... அத இப்ப எழுதிக் குடுத்தா உங்க மெஷின் எடுத்துக்குமா?”

என் மேசை இழுப்பறைக்குள் அந்தத் தாள்கள் இருந்தன. என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில்.

“கணக்கு முடிஞ்சிருச்சு அண்ணே. விடுங்க, மனசுல வச்சுக்காதீங்க” என்றேன்.

எவ்வளவு தாராளம் பாருங்கள்! என் குற்றத்துக்கு நான் அவரை மன்னித்தேன்.

அடுத்த வருடம் தோட்டத்துத் தொழிற்சங்கம் ஒரு கடிதம் எழுதியது. ஒரே ஒரு கடிதம். தவுக்கே படித்தார், மறுநாளே ஐந்தரை வண்டியைத் திரும்ப விட்டார். அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது! “மெஷினுக்கும் தப்பு வரும் போல” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டி திரும்ப வந்தது. கஸ்தூரி அதில் ஏறவில்லை. அவளோடு படித்தவர்கள் பரீட்சை எழுதி அதற்குள் அடுத்த படிவத்துக்குப் போய்விட்டார்கள். அவள் கைக்குப் பால் வெட்டும் கத்தி பழகிவிட்டதாம்.

போன வாரம் உஜோங் பாசிரில் ஒரு தோழியிடம் விடைபெறப் போனேன். மேற்படிப்புக்காக இங்கிலாந்து போகிறேன், இதே துறைதான், அந்தப் பேருந்துக் கணக்குத்தான் எனக்கு இடம் வாங்கித் தந்தது. அந்தி மயங்கிய நேரம். கடற்காற்றில் எல்லாம் பாதி உறக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. திரும்பிவர ஏறிய வண்டியில் நடத்துநர், மாரியப்பன் அண்ணன். தலை நரைத்திருந்தது.

“மிஸ்! சீமைக்குப் போறீங்களாமே! போயி அந்த மின்மூளைக்கு நல்ல புத்தி சொல்லிட்டு வாங்க.” சட்டைப் பையைத் தட்டினார். ஒரு சிறிய டார்ச்சை எடுத்துக் காட்டினார். “அதுக்கப்புறம் வாங்கினது. இப்பல்லாம் இருட்டுலயும் எழுதிருவேன். ஒரு கட்டம் விடறது இல்ல.”

நான்கு வருடமாக அந்த மனிதர் என் குற்றத்துக்கு விளக்கு பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லிவிடு... சொல்லிவிடு! வாய் திறந்தது.

“நல்ல வெளிச்சம் அண்ணே” என்றேன்.

கப்பலுக்கு இன்னும் பதினோரு நாள். கொண்டுபோக வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுவிட்டேன். அந்த ஐந்து தாள்கள் பட்டியலில் இல்லை. ஆனாலும் பெட்டியில் முதலில் வைத்தது அவற்றைத்தான். இன்று காலை வெளியே எடுத்தேன். எதிர்வீட்டில் மணியோசை. சன்னல் கண்ணாடியில் தாளைச் சாய்த்துப் பிடித்தால், நான் அழித்த இடத்தில் பென்சில் அழுந்திய தடம் இன்னும் தெரிகிறது. பத்தொன்பது, பத்தொன்பது, பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது.

நான் எழுதிய பூச்சியங்களை மெதுவாக அழித்தேன். அந்தக் கட்டங்களில் உண்மையான எண்களை எழுதிவிடலாமென்று பென்சிலைக் கூர்செய்தேன். முதல் நிறுத்தத்தில் எத்தனை பேர்? இரண்டாவதில்? கஸ்தூரி எங்கே ஏறினாள்? அவளைக் கேட்காமல் விட்டுவிட்டேன். தாளின் தலைப்பில் என் விதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் நினைவிலிருந்து எழுதக் கூடாது.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஐந்து கட்டங்களும் இப்போது, மாரியப்பன் அண்ணன் என்னிடம் கொடுத்த அன்றைக்கு இருந்தபடியே இருக்கின்றன. கோசோங்.